என் கலியாணத்தை இயக்கிய அமெரிக்கர்

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் நியூசிலாந்தில், ஒனிஹங்கா என்ற புறநகரில் ஒரு டிவி வாடகைக் கடையில் வேலை செய்தேன். அப்போது இங்கே பலர் டிவியைச் சொந்தமாக வாங்குவதில்லை, மாத வாடகைக்கு எடுத்துப் போவார்கள். பௌதிகத்தில் பட்டம் வாங்கி, யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் பெண்பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிப் படிப்பித்துவிட்டு வந்தவளுக்கு அந்தக் கடையில் கிடைத்த பொறுப்பு, பெட்டிகளின் தூசியைத் துடைப்பதும், எந்தப் பொத்தானை அமுக்கினால் சத்தம் வரும் என்று கிழவிகளுக்குக் காட்டுவதும். அதையும் நான் சரியாகச் செய்யவில்லை என்று முதலாளி நினைத்தார். நான் சிரிப்பதில்லை என்பது அவருடைய முறைப்பாடு.

அந்தக் கடைக்குக் கிழமையில் ஐந்து நாளும் பிற்பகல் இரண்டரைக்கு ஒரு அமெரிக்கர் வருவார். எழுபது வயது இருக்கும். நெடிய ஆள். வெயிலோ மழையோ ஒரே கம்பளிக் கோட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் ஸ்டாப்வாட்ச். அவர் எங்கள் வாடிக்கையாளர். எங்களிடம் எடுத்த ஒரு சின்னப் பெட்டியை மூன்று தெரு தள்ளித் தன் வீட்டில் வைத்திருந்தார். பிறகு ஏன் கடைக்கு வந்து, நின்ற நிலையில் டிவி பார்க்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

இரண்டரைக்கு ஒரு பழைய அமெரிக்கக் குதிரைக்காரத் தொடர் போகும். தொப்பி போட்டவர்கள் தொப்பி போட்ட வேறு ஆட்களைச் சுடுவார்கள். அதில் கொஞ்சத்தை இயக்கியவர் இவர். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசியில் இவருடைய பெயர் வரும். வீட்டில் பார்த்தால் ஒரு தடவைதான் வரும். கடையில் பன்னிரண்டு பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் இந்த நடை.

ஆனால் பெயர் வராது. அப்போது இந்த நாட்டில் இரண்டே சானல்கள். கதை முடிந்து நடிகர்களின் பெயர் ஓடத் தொடங்கியதும் அவர்கள் வெட்டிவிட்டுப் புல்வெட்டும் மெஷின் விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். பன்னிரண்டு பெட்டியிலும் பன்னிரண்டு பேர் புல் வெட்டுவார்கள். அமெரிக்கர் ஸ்டாப்வாட்சை அமுக்கிப் பார்த்து, இன்னும் நான்கு விநாடி விட்டிருந்தால் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் இரண்டரைக்குத் திரும்பவும் வந்து நிற்பார்.

நான் கேட்காமலே தன் சரித்திரத்தைத் தவணை முறையில் சொன்னார். நியூயோர்க்கில் ஒரு வானொலி நிலையத்தில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பதுதான் முதல் வேலை. நாடகம் இருபத்தொன்பது நிமிடம் முப்பது விநாடியில் முடிய வேண்டும். நீளப்போகிறது என்றால் நடிகர்களைப் பார்த்துக் கையைச் சுழற்றுவார். சுருங்கப்போகிறது என்றால் ரப்பரை இழுப்பதுபோல் இழுத்துக் காட்டுவார். பிறகு டிவி வந்தது. அது என்ன சாமான் என்று ஒருவருக்கும் தெரியாத காலம் என்பதால் தன்னை இயக்குநர் ஆக்கினார்கள் என்றார். அதை அவரே சொல்லிவிட்டதால் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கிழமைக்கு ஒரு நாடகம். நடிக்க நடிக்க அப்படியே வீடுகளுக்குப் போகும். பிழைத்தால் பிழைத்ததுதான், திருப்பி எடுப்பது என்ற பேச்சே இல்லை. மூன்று கமராக்கள். இவர் பக்கத்து அறையில் மூன்று சின்னத் திரைகளுக்கு முன்னால் இருந்து, இப்போது இரண்டு, இப்போது ஒன்று என்று கத்த வேண்டும். ஒரு அறையில் செத்து விழுந்த நடிகர், தட்டிக்கு மறைவில் ஓடிப்போய்ச் சட்டை மாற்றி, அடுத்த அறைக் கதவைத் தட்டிக்கொண்டு செத்தவரின் தம்பியாக வந்து நிற்பாராம். மூச்சு வாங்குவதைத் துக்கம் என்று சனங்கள் எடுத்துக்கொள்வார்களாம்.

ஏதாவது பிழைத்தால் இவரிடம் ஒரே மருந்து இருந்தது. எந்த நாடகமானாலும் சுவரில் ஓடுகிற ஒரு மணிக்கூடு இருக்க வேண்டும், ஒரு கமராவுக்கு அது எட்ட வேண்டும். நடிகருக்கு வசனம் மறந்தால், சுவர் சரிந்தால், உடனே மணிக்கூட்டுக்குப் போய்விடுவார். பார்க்கிற சனம் ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் வசனத்தைக் காதில் சொல்லிவிடலாம், சுவரையும் நிமிர்த்திவிடலாம். மணிக்கூடு குடித்துவிட்டு வேலைக்கு வராது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதே மணிக்கூடு நினையாப் பிரகாரம் படத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். நாடகத்தில் விடியற்காலை, சுவரில் மணி ஒன்பது என்றால் கதை கந்தல்.

அப்படி எத்தனை நாடகங்கள் என்று கேட்டேன். முதல் மாதம் எண்பது என்றார். மூன்றாம் மாதம் நூற்றிருபது ஆகிவிட்டது. அவை இப்போது எங்கே என்று கேட்டதற்கு, காற்றில் என்றார். சிலதைத் திரையிலிருந்து பிலிமில் பிடித்து வைத்திருந்தார்களாம். பிறகு இடம் காணாது என்று எல்லாவற்றையும் எறிந்துவிட்டார்களாம். இனி உலகத்தில் ஒருவரும் பார்க்க முடியாத நாடகங்களைப் பற்றி ஒருவர் என்ன அளந்தாலும் யார் மறுக்கப்போகிறார்கள், இதைவிடப் பத்திரமான புகழ் வேறு கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை ஒரே இறக்கம். கலிபோர்னியாவுக்குப் போய்க் குதிரைக்காரத் தொடர். ஏழு வருடம் ஒரே பாறை. வடக்கே நின்று எடுத்தால் அது அரிசோனா, தெற்கே நின்று எடுத்தால் மெக்சிக்கோ. பிறகு ஆஸ்பத்திரித் தொடர். அதற்குப் பிறகு மத்தியானங்களில் வீட்டுப் பெண்களுக்கு ஓடும் தொடர், அதில் ஒருத்தி பதினாலு மாதம் கர்ப்பமாக இருந்தாள். பிறகு நாய்ச் சாப்பாட்டு விளம்பரம். நாய் நன்றாக நடித்தது என்றார். கடைசியில் வெண்ணெய் விளம்பரம் எடுக்க இந்த நாட்டுக்கு வந்தார். விளக்குச் சூட்டில் வெண்ணெய் உருகியது, இவரும் உருகி ஒரு தாதியைக் கலியாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அந்த அம்மா ஐந்து வருடத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் திரும்புவதில்லை என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம்தான் எனக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். நான் சான்ட்ரிங்ஹாமில் அண்ணா வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை கிளென்ஃபீல்டில் தன் மாமியோடு இருந்தார், பெயின்ட் தொழிற்சாலையில் வேலை. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். விசாவுக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை, வந்தாலும் சண்டையால் கொழும்புக்கு வர வழி சரியில்லை, வழி சரியாக இருந்தாலும் அப்பாவின் இருதயம் சரியில்லை.

அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கைக்கடிகாரமும் ரயிலும் ஒத்துவராவிட்டால் ரயில்தான் பிழை. என் முகூர்த்தத்தையும் அவரே கணித்து எழுதினார். கோடையில் நியூசிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள் என்பதை எங்கேயோ விசாரித்து, அதையும் சேர்த்துக் கணித்திருந்தார். பத்துப் பன்னிரண்டிலிருந்து பத்து ஐம்பத்துநாலு வரை. கீழே மூன்று கோடு. அதற்குக் கீழே, தாலி ஏறுவதை என் கண்ணால் காண வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று ஒரு வரி.

அந்த வரியைப் படித்தபோது அப்பா இல்லாத கலியாணமே வேண்டாம் என்று இருந்தது. இருபத்தொன்பது வயதில் ஒருத்தி அப்படிச் சொன்னால் ஊர் வேறு அர்த்தம் எடுக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு, ஒரு வீடியோ கமரா இரவல் தர முடியுமா என்று முதலாளியிடம் கேட்கப் போனேன். நேரம் இரண்டே முக்கால். அமெரிக்கர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். யார் இயக்குகிறார்கள் என்று கேட்டார். இது கலியாணம், கடவுள் இயக்குவார் என்றேன். கடவுளிடம் எத்தனை கமரா இருக்கிறது என்று கேட்டார்.

முதலாளி மூன்று கமரா கொடுத்தார். எனக்காக இல்லை. அமெரிக்கர் கொஞ்ச நாளைக்குக் கடையில் வந்து நிற்கமாட்டார் என்ற சந்தோசம்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், சான்ட்ரிங்ஹாமில் நாங்கள் எடுத்திருந்த பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஒரு பெரிய வெள்ளை டேப் சுருளோடு வந்தார். ஐயர் இருக்குமிடம், அக்கினி, மாப்பிள்ளை, பெண் என்று நிலத்தில் அளந்து அளந்து சிலுவை ஒட்டினார். பக்கச் சுவரில் இருந்த பெரிய மணிக்கூடு படத்தில் விழாதபடி மணவறையையே இரண்டு அடி நகர்த்தினார். பிறகு, எல்லாரும் அவரவர் இடத்தில் நில்லுங்கள், தாலி கட்டுவதை ஒரு தடவை செய்து பார்ப்போம் என்றார். மாப்பிள்ளையின் மாமிக்கு முகம் கறுத்துவிட்டது.

"தாலி கட்டுறதையும் ஒத்திகை பாக்கிறதோ? ஒருக்காத்தான் பிள்ளை கட்டுறது. ரெண்டாந்தரம் கட்டுறவை ஆரெண்டு தெரியுந்தானே" என்றார்.

மாமிக்குத் தலையிடி என்று நான் மொழிபெயர்த்தேன். கடைசியில் ஒரு சமரசம். நான் நிற்க வேண்டிய சிலுவையில் ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றை வைத்தார்கள். மாப்பிள்ளை அதற்குப் பின்னால் போய் நின்று கழுத்தில் கட்டுவதுபோல் கையைக் காட்டினார். என்னோடு நின்றதைவிட அதோடு அவர் இயல்பாக இருந்தார். ஐயர் ஃபிஜியில் பிறந்த தென்னிந்திய வம்சக்காரர், மற்ற நாட்களில் தண்ணீர்க் குழாய் வேலை. மந்திரம் எத்தனை நிமிடம் என்று அமெரிக்கர் ஸ்டாப்வாட்சோடு கேட்டதற்கு, விறகு எவ்வளவு புகைகிறது என்பதைப் பொறுத்தது என்று பதில் சொன்னார். அமெரிக்கர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவருக்கு எல்லாவற்றையும் சொன்னோம். தேங்காய் எப்போது உடையும், கெட்டிமேளக் கசெட்டை அண்ணா எப்போது போடுவார், தாலி எந்தத் தட்டில் வரும் எல்லாம் சொன்னோம். தாலி ஏறும்போது மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் எழும்பி வந்து மணவறையைச் சூழ்ந்து நின்று அறுகரிசி போடுவார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. அது சொல்ல வேண்டிய ஒரு விசயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. ஒத்திகையில் நின்றது நாங்கள் ஆறு பேரும் ஃபேனும்தான்.

மறுநாள் ஒன்பதுக்கு வரச் சொன்ன சனம் பத்தேகாலுக்கு வந்தது. அமெரிக்கர் மண்டபத்துக் குசினியில் வடைத் தட்டுகளுக்கு நடுவில் மூன்று சின்ன டிவிகளை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனோடு இருந்தார். கடையில் வேலை செய்த இரண்டு பேரும் அண்ணாவின் சிநேகிதர் ஒருவரும் கமராக்களில். அவர் எந்தக் கமராவைச் சொல்கிறாரோ அதுதான் வீடியோக் கசெட்டில் பதியும்.

ஐயர் தாலியைக் கையில் எடுத்தார். அண்ணா கசெட்டைப் போட்டார். நூற்றைம்பது கதிரைகள் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளுப்பட்ட சத்தம் கேட்டது. கெட்டிமேளத்துக்கு மேலாகக் குசினியிலிருந்து, எல்லாரும் இருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு அலறல். ஒருவரும் இருக்கவில்லை. தாலி என் கழுத்தில் ஏறியது. அப்பாவை நினைத்தேன், அழுகை வந்தது. மூன்று கமராவில் ஒன்றாவது இதைப் பிடிக்கும் என்ற நினைப்பில், அழுதுகொண்டே வெட்கமில்லாமல் முகத்தை இரண்டாம் கமரா பக்கம் கொஞ்சம் திருப்பினேன்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது குசினியில் அண்ணாவும் மாமியும் நானும் கசெட்டைப் போட்டுப் பார்த்தோம். ஐயர் தாலியை எடுக்கிறார். அடுத்தது ஒரு முதுகு. அதற்கடுத்தது ஒரு மொட்டைத் தலை. அதற்கடுத்தது பச்சைச் சேலை, பிறகு வேறொரு பச்சைச் சேலை. அதற்குப் பிறகு பக்கச் சுவரில் இருந்த மணிக்கூடு. பத்து நாற்பத்தொன்று. விநாடிமுள் நிதானமாகப் போகிறது. நாற்பது விநாடிக்கு அதே மணிக்கூடு. பின்னால் கெட்டிமேளம், மந்திரம், சனத்தின் இரைச்சல், அண்ணாவின் இருமல். மணிக்கூடு போய் நான் வந்தபோது தாலி ஏறிவிட்டது.

"தாலி எங்கை?" என்று மாமி கேட்டார்.

காட்ட வேறு ஒன்றும் இருக்கவில்லை, அதனால் நேரத்தைக் காட்டினேன் என்று அமெரிக்கர் சொன்னார். சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை இருந்ததுதான் என்னைக் கொதிக்க வைத்தது. முதல் நாள் ஒத்திகை கூடாது என்று ஒற்றைக் காலில் நின்ற மாமிதான் இப்போது, இன்னொருக்காக் கட்டுங்கோ, படம் பிடிப்பம் என்று முதலில் சொன்னவர். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அமெரிக்கர் மட்டும் தலையை ஆட்டினார். அது நடந்து முடிந்துவிட்டது, நடந்ததைத் திரும்ப நடத்துவது என் வேலை இல்லை என்றார்.

நான் கூறைச் சேலையோடு குசினியில் நின்று கத்தினேன். இது உங்களுடைய நாடகம் இல்லை, இது என் அப்பா பார்ப்பதற்கு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் பெயரை டிவியில் வெட்டுகிறவர்கள் தெரிந்துதான் வெட்டுகிறார்கள் என்றும் சொன்னேன்.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். தன் வயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு குசினிக் கதவால் போனார். பஸ் தரிப்பில் கோட்டோடு நிற்பதைச் சன்னலால் கண்டேன். எனக்குக் கோபம் ஆறவில்லை.

மிச்சத்தை அண்ணா இயக்கினார். மூன்றாவது கமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெளிச்சம் நல்லது என்று மறுபக்கம் போய் நின்றார். ஏறிய தாலியைக் கழற்ற முடியாது. ஆகவே மாப்பிள்ளை என் பின்னால் நின்று வெறும் விரல்களை அசைத்தார், ஃபேனோடு பழகிய கை. பந்தியிலிருந்து எட்டுப் பேரைக் கூப்பிட்டு வந்து, பக்கவாட்டில் நிற்க வைத்து, கறி பட்ட கையால் அறுகரிசி போட வைத்தோம். நான் அழகாகக் கண் கலங்கினேன். அண்ணா அந்தக் காட்சியை மணிக்கூடு இருந்த அதே இடத்தில், அதன் மேலேயே, கனகச்சிதமாகப் பதிந்தார். யாருக்கும் ஒட்டுத் தெரியாது என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் கசெட்டைக் கொடுத்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து எங்கள் ஒழுங்கையில் இருக்கிற சனம் முழுக்க இருந்து பார்த்ததாம். அம்மா திரையைத் தொட்டுக் கொஞ்சினாவாம். கடைசிப் பந்தி இப்படி இருந்தது:

"தாலி ஏறும்போது உங்கள் தலைக்கு மேல் சுவரில் இருந்த மணிக்கூட்டில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. விநாடிமுள் ஓடுகிறது, ஆகவே நின்ற மணிக்கூடு அல்ல. முகூர்த்தம் முடிந்து இரண்டு மணித்தியாலம் ஆக இரண்டு நிமிடம். அம்மா கவனிக்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. ஏன் பிள்ளை தவறியது?"

அமெரிக்கர் மணவறையை நகர்த்தி மறைத்த மணிக்கூட்டை அண்ணா மறுபக்கம் போய் நின்று நடுவில் பிடித்திருக்கிறார். நாங்கள் யாரும் அதைக் காணவில்லை. அப்பா காணாமல் இருப்பாரா.

மணிக்கூடு பிழை என்று எழுதுவோம் என்றார் அண்ணா. வாழ்நாள் முழுக்க ரயிலை நேரத்துக்கு அனுப்பியவருக்கு, இரண்டு மணித்தியாலம் பிழைத்த மணிக்கூட்டின் கீழே நேரம் பார்த்துத் தாலி கட்டினோம் என்று எழுதச் சொன்னார். உண்மையை எழுதினாலோ, நீங்கள் ஒழுங்கையைக் கூட்டிப் பார்த்தது நடிப்பு என்று ஆகிவிடும். மகளின் தாலி நேரம் தப்பி ஏறியது என்ற நினைப்பை அந்தப் பழுதான இருதயத்துக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கும் சொல்லாமல் அவர் திரிகிறார். சரியான நேரத்துக்கு உலகத்தில் ஒரேயொரு சாட்சி இருந்தது, அதையும் நாங்களே அழித்துவிட்டோம்.

கலியாணத்துக்குப் பிறகு அமெரிக்கர் கடைக்கு வருவதில்லை. குதிரைக்காரர்கள் தவறாமல் வந்தார்கள், புல் வெட்டுகிறவர்களும் வந்தார்கள். கடிதம் வந்த மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எங்கள் வாடகைப் பெட்டியை வைத்திருந்த முன்னறையில் இருத்தினார். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பிறவியிலேயே வராது. அதனால் அப்பாவின் கடிதத்தை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, என்னுடையதை என்ன செய்தீர்கள் என்றார். அதன் மேலேயே பதிந்துவிட்டோம் என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். நியூயோர்க்கில் இடம் காணாது என்று எறிந்தவர்களைப் பற்றிச் சொன்னபோது நான் உள்ளுக்குள் சிரித்தது ஞாபகம் வந்தது. உள்ளே போய் ஒரு கசெட்டோடு வந்தார். தன் நாடகங்களை எறிந்த அந்த நாளுக்குப் பிறகு எப்போதும் இரண்டு மெஷின் ஓடவிடுவாராம். வடைத் தட்டுக்குக் கீழே இரண்டாவது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கசெட்டின் முதுகில் பெரிய எழுத்தில் என் கலியாணம், கால அளவு ஒரு மணி இருபத்தொன்பது நிமிடம் முப்பது விநாடி என்று எழுதியிருந்தது.

வாசலில் நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். ஆங்கிலத்தில் வரவில்லை. அவருக்கு விளங்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

இந்த முறை அனுப்புமுன் கடையில் பிரதி எடுத்துக்கொண்டேன். அந்த அளவுக்காவது அவரிடம் படித்திருந்தேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதிக் கசெட்டோடு வைத்தேன். பதில் ஒரு நீலநிற விமானக் கடிதத்தில் வந்தது.

"பத்து நாற்பத்தொன்று. சரியான நேரம். அம்மாவைப் பக்கத்தில் இருத்திக் காட்டினேன். மேளமும் மந்திரமும் அண்ணாவின் இருமலும் கேட்டன. மற்றக் கசெட்டை இனிப் போடமாட்டேன். இதை எடுத்தவர் வேலை தெரிந்தவர். உன் முகத்தை நேரில் பார்த்துக்கொள்ளலாம், பாதை திறக்கட்டும்."

நடுவில், எடுத்தவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அமெரிக்கரின் முழுப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. கசெட்டின் முடிவில் அவர் ஒரு மட்டையில் கையால் எழுதிக் காட்டிய பெயர். அப்பா படத்தை நிறுத்தி வைத்து, ஸ்டேஷன் பதிவேட்டில் எழுதுகிற அதே உருண்டை எழுத்தில் பிழையில்லாமல் பார்த்தெழுதியிருந்தார்.

அப்போது அமெரிக்கர் திரும்பவும் இரண்டரைக்கு வரத் தொடங்கியிருந்தார். கடிதத்தைக் காட்டினேன். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத மனிதர், தன் பெயரில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் வரி வரியாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும், சத்தப் பதிவைப் பற்றி வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்றார். அதுதான் அவர். பிறகு, பன்னிரண்டு பெட்டியிலும் புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது, இந்தக் கடிதத்தை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

கொடுத்துவிட்டேன். ஒரு கடிதம்தானே, அப்பா இன்னும் எத்தனையோ எழுதுவார் என்று நினைத்தேன்.

அடுத்த கடிதம் அம்மாவின் கையெழுத்தில் வந்தது. வெளியில் எழுத்தைக் கண்டதுமே என்ன செய்தி என்று தெரிந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. அது நடந்து ஒரு வருடத்துக்குள் அமெரிக்கரும் போய்விட்டார். வீட்டுக்காரர் வீட்டைத் துப்புரவாக்கிவிட்டு, வாடகைப் பெட்டியைக் கடையில் கொண்டுவந்து இறக்கினார். காகிதங்கள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன என்றார். அந்தப் பெட்டியைத் தூசி துடைத்து வைத்தது நான்தான். கண் நிறைய அழுதேன், முதலாளி அன்றைக்குச் சிரிக்கச் சொல்லவில்லை.

இங்கே பிறந்த என் பிள்ளைகள் அந்தக் கசெட்டைப் போட்டால், மணிக்கூடு வரும் இடத்தில் வேகமாக ஓட்டச் சொல்லி ஆங்கிலத்தில் நச்சரிப்பார்கள். நான் ரிமோட்டைக் கொடுப்பதில்லை. நாற்பது விநாடியும் இருந்து பார்க்க வேண்டும், கடைசியில் பெயர் முழுதாக வந்து போகவும் வேண்டும். நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா விட்டுவைத்த முகத்தோடு நானும் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.